ஜவ்வாது மலையும் கடின நீரும்: பாலாற்றுப் படுகையில் குடிநீர் வழங்கலின் வரலாறு

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை, தமிழ்நாட்டின் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. இம்மலையில் பெய்யும் மழையின் பெரும்பகுதி பாலாற்றையும், தென்சரிவில் விழுவது தென்பெண்ணையாற்றையும் சேர்கிறது. மலை ஓடையில் மென்னீராக இறங்கும் அந்த நீர், அடிவாரத்து ஊர்களின் கிணறுகளிலிருந்து எடுக்கப்படும்போது பெரும்பாலும் கடின நீராகிவிடுகிறது. குடிநீர் வழங்கலை ஏற்ற நகராட்சிகளும் அரசும் நீரிலுள்ள சேற்றையும் கிருமியையும் நீக்குவதைத் தம் கடமையாகக் கொண்டன. நீரின் கடினத்தன்மையைச் சமாளிக்கும் வேலை வீட்டாரிடமே விடப்பட்டது. இப்பிரிவினை எப்படி உருவானது, அதன் சுமை யார்மேல் விழுந்தது என்பது பாலாற்றுப் படுகையின் குடிநீர் வரலாற்றில் தெளிவாகத் தெரிகிறது.

மலையும் ஆறுகளும்

ஜவ்வாது மலையின் நடுவில் உள்ள பெரிய ஊர் ஜமுனாமரத்தூர். மலையாளி எனப்படும் பழங்குடியினர் இம்மலையின் முதன்மையான குடிகள். செய்யாறு இம்மலையில் தோன்றி, செங்கம் வழியாகக் கிழக்கே ஓடிக் காஞ்சிபுரம் அருகே திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. ஆரணி வழியாக ஓடும் கமண்டல நாகநதியும் இம்மலை நீரால் உருவானதே. குப்பநத்தம், மிருகண்டா நதி, செண்பகத்தோப்பு ஆகிய அணைகள் இந்த ஓடைகளின் நீரைத் தடுத்துப் பாசனத்துக்கு அளிக்கின்றன.

மலையின் வடமேற்கிலும் வடக்கிலும் பாலாறு செல்கிறது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் இவ்வாறு, ஆந்திரத்தைக் கடந்து தமிழ்நாட்டில் நுழைந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக ஓடி, வயலூர் அருகே கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி பாலாற்றின் மேற்பரப்பில் நீர் ஓடுவதில்லை. அதன் அகன்ற மணற்படுகையின் அடியில்தான் நீர் நகர்கிறது. இதை அறிந்திருந்த உழவர்கள் ஆற்று மணலில் நீண்ட கால்வாய்களைத் தோண்டி, ஊறிவரும் நீரை வயலுக்குக் கொண்டுசென்றனர். இவை ஊற்றுக்கால்கள் எனப்பட்டன. பிற்காலத்தில் நகராட்சிகள் ஆற்றுப்படுகையில் அமைத்த நீர்சேகரிப்புக் கிணறுகளும் இதே மணல்நீரையே நம்பின.

நீர் கடினமாவது எப்படி

மழைநீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு. மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் கரியமில வாயு அதில் கரைகிறது. இதனால் மெல்லிய அமிலமாகும் நீர், பாறையிலும் மண்ணிலும் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. ஜவ்வாது மலையும் அதைச் சூழ்ந்த சமவெளியும் சார்னோகைட், நைஸ் போன்ற மிகப் பழமையான கடும்பாறைகளால் ஆனவை. பாறையின் மேல் விரைந்து ஓடிவரும் ஓடைநீருக்கு உப்பைக் கரைக்கப் போதிய நேரம் கிடைப்பதில்லை. அதே நீர் சமவெளியில் பாறை வெடிப்புகளுக்குள் ஆண்டுக்கணக்கில் தங்கும்போது உப்பு ஏறுகிறது.

வறண்ட பருவநிலையும் இதற்குத் துணைபோகிறது. வெயிலில் மண்ணின் ஈரம் ஆவியாகும்போது உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. இவ்வாறு மண்ணில் திரளும் சுண்ணாம்புக் கட்டிகளைச் சுக்கான்கல் என்பர். ஊர்ச் சூளைகளில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தது இக்கல்லிலிருந்துதான். சுக்கான்கல் நிறைந்த நிலத்தின் கிணற்று நீர் கடினமாக இருப்பது இயல்பு.

கடினத்தன்மை இருவகைப்படும். கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகளால் உண்டாவது தற்காலிகக் கடினத்தன்மை. நீரைக் கொதிக்கவைத்தால் இது வெள்ளைப் படிவாகப் பிரிந்துவிடும். குளோரைடு, சல்பேட்டு உப்புகளால் உண்டாவது நிரந்தரக் கடினத்தன்மை. இது கொதிக்கவைத்தாலும் போகாது. இரண்டையும் சேர்த்து, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம் என்று கணக்கிடுவது வழக்கம். பரவலாகப் பயன்படும் ஒரு பகுப்பின்படி 60 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பது மென்னீர், 180-க்கு மேல் இருப்பது மிகக் கடின நீர்.

நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர்

வேதியியல் சொற்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தமிழ்நாட்டு ஊர்கள் நீரை இரண்டாகப் பிரித்துவைத்திருந்தன. குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர்க் கிணறு. குளிக்கவும் துவைக்கவும் மாட்டுக்கும் உப்புத் தண்ணீர்க் கிணறு. எந்தக் கிணற்று நீரில் பருப்பு வேகும் என்பது ஊரறிந்த செய்தி. இதற்கு அறிவியல் காரணமும் உண்டு. பருப்பின் செல்சுவர்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருளோடு நீரிலுள்ள கால்சியம் சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. எனவே கடின நீரில் பருப்பு நெடுநேரம் வேகாமல் கிடக்கும். ஒரு சிட்டிகை சோடா உப்புப் போட்டு வேகவைக்கும் வழக்கம் இந்தச் சிக்கலுக்குச் சமையலறை கண்ட தீர்வு.

துணி வெளுப்பதிலும் இத்தகைய அறிவு இருந்தது. வண்ணார்கள் வெள்ளாவி வைக்கும்முன் துணியை ஊறவைக்கப் பயன்படுத்திய உவர்மண்ணில் சோடியம் கார்பனேட்டு உள்ளது. அது நீரிலுள்ள கால்சியத்தைப் படியச் செய்து நீரை மென்மையாக்கும். தொழிற்சாலைகளில் சலவைச் சோடாவைக் கொண்டு நீரை மென்மையாக்குவதும் இதே வேதிவினையால்தான்.

கலங்கிய நீரைத் தெளியவைக்க, பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்க்கும் வழக்கம் மிகப் பழையது. கலித்தொகையிலேயே இது உவமையாக இடம்பெறுகிறது. தேற்றாங்கொட்டை சேற்றுத் துகள்களை ஒன்றுசேர்த்து அடியில் படியவைக்கும். கரைந்திருக்கும் உப்பை நீக்காது. கலங்கலைத் தெளியவைக்க ஒரு முறை, உப்புக்கு வேறு கிணறு என்று மரபு இரண்டையும் தனித்தனியே கையாண்டது. அந்த வேறு கிணறு தொலைவில் இருந்தால் குடத்தோடு நடந்தவர்கள் பெண்களே.

நகராட்சிக் குடிநீரின் தொடக்கம்

சென்னை நகரில் ஐரோப்பியர் ஏற்படுத்திய முதல் ஒழுங்கான குடிநீர் ஏற்பாடு 1772-இல் அமைந்த ஏழு கிணறு. இது புனித ஜார்ஜ் கோட்டைக்கு நீர் தந்தது. 1872-இல் ஃபிரேசர் என்ற பொறியாளரின் திட்டப்படி செங்குன்றம் ஏரியிலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரப்பட்டது. அந்த நீர் வடிகட்டப்படவில்லை. 1914-இல் ஜே.டபிள்யூ. மேட்லி என்ற பொறியாளரின் முயற்சியால் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளோடு கூடிய நீரேற்று நிலையம் செயல்படத் தொடங்கியது. தியாகராய நகரிலுள்ள மேட்லி சாலை இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இவற்றுக்கெல்லாம் பின்னால் இருந்தது காலரா பற்றிய அச்சம். 1829-இல் லண்டனில் ஜேம்ஸ் சிம்ப்சன் அமைத்த மணல் வடிகட்டி ஐரோப்பிய நகரங்களுக்கு முன்மாதிரியானது. 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைக் காலரா தாக்கியபோது, அதே எல்பே ஆற்று நீரை மணலில் வடிகட்டிக் குடித்த அண்டை நகரான அல்டோனா பெருமளவு தப்பியது. 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரில் குடிநீருக்குத் தொடர்ந்து குளோரின் சேர்க்கும் முறை வந்தது. மணல் வடிகட்டி, குளோரின் ஆகிய இரண்டும் இருபதாம் நூற்றாண்டு நகராட்சிக் குடிநீரின் அடிப்படையாயின.

கடினத்தன்மையை நீக்கும் முறையும் இதே காலத்தில் அறியப்பட்டிருந்தது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரப் பேராசிரியர் தாமஸ் கிளார்க் 1841-இல் சுண்ணாம்பு சேர்த்து நீரை மென்மையாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நீருக்குச் சுண்ணாம்பு ஊற்றிச் சுண்ணாம்பையே வெளியேற்றுவது விந்தையாகத் தோன்றலாம். சேர்க்கப்படும் நீற்றுச் சுண்ணாம்பு, நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டைக் கரையாத கார்பனேட்டாக மாற்றிப் படியச் செய்துவிடுகிறது. கடினத்தன்மையை அளக்கச் சோப்புக் கரைசல் சோதனையையும் கிளார்க் வகுத்தார். நீரில் நிலையான நுரை வரும்வரை எவ்வளவு சோப்புக் கரைசல் செலவாகிறது என்று எண்ணுவதே அச்சோதனை. கிணற்றடியில் துணி துவைத்தவர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்ததை அது எண்ணாக மாற்றியது.

மேலைநாட்டு நகரங்கள் சிலவற்றில் பொது நிலையத்திலேயே நீரை மென்மையாக்குவது வழக்கமாயிற்று. தமிழ்நாட்டு நகராட்சிகளில் அது வழக்கமாகவில்லை. காலரா கொன்றது, கடின நீர் சோப்பையும் விறகையும் நேரத்தையும் தின்றது. உயிரிழப்பு நகராட்சியின் பதிவேட்டில் ஏறியது. கூடுதல் சோப்பும் விறகும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. சுண்ணாம்பு முறையில் நாள்தோறும் சேரும் படிவை அகற்றும் செலவும் பெரிது.

வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தின் படிகளைப் பார்த்தால் இது தெளிவாகும். ஆற்று நீரில் படிகாரம் கலந்து கிளறும்போது கலங்கல் திரண்டு படிகிறது. பின் மணல் வடிகட்டி, அதன்பின் குளோரின். இவற்றில் எந்தப் படியும் கரைந்த கால்சியத்தை நீக்குவதில்லை. படிகாரம் பைகார்பனேட்டோடு வினைபுரிந்து, தற்காலிகக் கடினத்தன்மையில் சிறு பகுதியை நிரந்தரக் கடினத்தன்மையாக மாற்றவும் செய்கிறது. கிணற்று நீரை வழங்கும் ஊர்களில் குளோரின் சேர்ப்பது மட்டுமே சுத்திகரிப்பாக இருப்பதும் உண்டு.

மணற்படுகையிலிருந்து ஆழ்துளைக்கு

1971-இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் தொடங்கப்பட்டது. சென்னை நீங்கலாக ஏனைய நகரங்களுக்கும் ஊர்களுக்கும் குடிநீர்த் திட்டங்களை வகுப்பது அதன் பணி. 1960-களின் இறுதியிலிருந்து கடும்பாறையைத் துளையிடும் இயந்திரங்கள் யுனிசெஃப் உதவியோடு இந்தியாவுக்கு வந்தன. 1970-களில் உருவாக்கப்பட்ட இந்தியா மார்க் 2 அடிகுழாய் ஊர்தோறும் நாட்டப்பட்டது.

திறந்த கிணற்றைவிட ஆழ்துளைக் கிணற்று நீரில் கிருமி குறைவு. இவ்வகையில் இது பொதுச் சுகாதாரத்தின் பெரிய வெற்றி. ஆனால் ஆழத்து நீர் பாறையோடு நெடுங்காலம் உறவாடிய நீர். அதில் உப்பு மிகுதி. உப்புக் குறைந்த மேல்நீரை விட்டுக் கிருமி குறைந்த ஆழ்நீருக்கு ஊர்கள் மாறின. பாசனத்துக்கும் ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் நீர்மட்டம் இறங்கியது. பாலாற்றில் அளவுமீறி மணல் அள்ளப்பட்டதால், நீரைச் சேமித்து இயல்பாக வடிகட்டிவந்த படுகையும் மெலிந்தது.

இதே காலத்தில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1969-இல் குஜராத்தில் தொடங்கிய நிர்மா போன்ற மலிவான சலவைத்தூள்கள் பரவின. சோப்பு கடின நீரில் நுரைக்காமல் வெள்ளைத் திரியாகத் திரளும். சலவைத்தூளில் சேர்க்கப்படும் சோடா, கடினத்தன்மையின் ஒரு பகுதியைத் தானே நீக்கிவிடுவதால் அது கடின நீரிலும் நுரைக்கும். இதனால் துவைக்கும் வேலை எளிதாயிற்று. நீர் கடினமாகிவருவதைக் கைக்கு உணர்த்திவந்த பழைய அடையாளமும் மறைந்தது.

தோல் தொழிலும் பாலாற்று நீரும்

பாலாற்றங்கரையில் கடினத்தன்மை இயற்கையால் மட்டும் உண்டானதன்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகியவை தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். ஆற்று மணலில் கிடைத்த நீரும், தோலைத் துவர்ப்பேற்ற உதவும் ஆவாரம்பட்டையும், 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தொடங்கிப் பின் மேற்கே நீண்ட இருப்புப்பாதையும் இத்தொழிலுக்கு வாய்ப்பாக அமைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னை மாகாணத்தில் குரோமியம் கொண்டு பதனிடும் முறையை அறிமுகப்படுத்தினார். 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலை ஊக்குவிக்கும் கொள்கையை இந்திய அரசு மேற்கொண்டபின் குரோமிய முறை பெருகியது.

நிலத்தடி நீரை உப்பாக்குவதில் குரோமியத்தைவிடச் சாதாரண உப்புக்கும் சுண்ணாம்புக்கும் பெரிய பங்குண்டு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிடப்படுகிறது. பின் முடியை நீக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைக்கப்படுகிறது. இரண்டும் கழுவுநீரோடு வெளியேறுகின்றன. சுண்ணாம்பு நேரடியாகக் கடினத்தன்மையைக் கூட்டும். உப்பிலுள்ள சோடியம், மண்துகள்களில் ஒட்டியிருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் இடம்பெயர்த்து நீருக்குள் தள்ளுவதால் மறைமுகமாகக் கூட்டும்.

இதற்கெதிரான போராட்டம் நீதிமன்றத்தை எட்டியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. குடிக்கத் தகுந்த நீர் மக்களுக்குக் கிடைக்காமல் போனதையும் அது குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடும், தீங்கு நேரும்முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்ததால், இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் இத்தீர்ப்பு முதன்மையான இடம் பெற்றது. ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இழப்பீட்டை மதிப்பிட ஓர் ஆணையமும் அமைக்கப்பட்டது.

பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தன. ஆனால் உயிர்க்கழிவை நீக்கும் வழக்கமான சுத்திகரிப்பு கரைந்த உப்பை நீக்காது. பிற்காலத்தில் சவ்வுகளைக் கொண்டு உப்பைப் பிரித்து நீரை மறுபடி பயன்படுத்தும் முறை சேர்க்கப்பட்டது. எனினும் முன்பே மண்ணில் இறங்கிய உப்பு, மழை அடித்துச் செல்லும்வரை அங்கேயே இருக்கும். முதல் வழக்குத் தொடுக்கப்பட்டு முப்பது ஆண்டுகள் கடந்தபின்னும் வேலூர் மாவட்டத் தோல் கழிவு மாசு உச்ச நீதிமன்றத்தின் முன் இருந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கவும், ஆற்றைச் சீரமைக்கக் குழு அமைக்கவும் 2025 ஜனவரி 30 அன்று நீதிமன்றம் மீண்டும் ஆணையிட்டது.

நாக்குக்குத் தெரியாத ஃபுளூரைடு

உப்புத் தண்ணீரை நாக்கு காட்டிக்கொடுக்கும். ஃபுளூரைடை அது காட்டாது. 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில், குடிநீரிலுள்ள ஃபுளூரைடால் எலும்பு இறுகும் நோய் கண்டறியப்பட்டது. இந்தியாவில் ஃபுளூரோசிஸ் பற்றிய தொடக்க கால அறிக்கை இதுவே. ஜவ்வாது மலைக்கு மேற்கே உள்ள தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி. பற்களில் பழுப்புக் கறை ஏறுவது இதன் முதல் அடையாளம். பின் மூட்டும் முதுகெலும்பும் இறுகும்.

கடினத்தன்மைக்கும் ஃபுளூரைடுக்கும் ஓர் எதிர்மறை உறவு உண்டு. நீரில் கால்சியம் மிகுந்தால் அது ஃபுளூரைடோடு சேர்ந்து கரையாத கால்சியம் ஃபுளூரைடாகிவிடும். கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட்டு மிகுந்த நீரிலேயே ஃபுளூரைடு அதிகமாகக் கரைந்து நிற்கும். ஆகவே பருப்பு நன்றாக வேகும், சோப்பு நன்றாக நுரைக்கும் நீரே சில ஊர்களில் எலும்பைக் கெடுக்கும் நீராக இருக்கக்கூடும். நூற்றாண்டுகளாகப் பயன்பட்ட கிணற்றடி அறிவு துணைசெய்யாத இடம் இது. ஆய்வகச் சோதனை இல்லாமல் இந்த வேறுபாட்டை அறிய முடியாது.

தொலைவிலிருந்து வந்த காவிரி

நிலத்தடி நீர் இவ்வளவு சிக்கலானபோது, அதைச் சுத்திகரிப்பதைவிட வேறு ஆற்றின் நீரைக் கொண்டுவரும் வழியை அரசு தேர்ந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் தடுப்புத் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேறியது. இதற்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013 மே 29 அன்று திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அடுத்து, மேட்டூர்ப் பகுதியில் காவிரி நீரை எடுத்து, திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் முதலிய ஊர்களுக்குக் குழாய்வழி அனுப்பும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜவ்வாது மலையின் தென்கிழக்கே திருவண்ணாமலை நகரம், தென்பெண்ணையாற்றில் 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையிலிருந்து நீர் பெறுகிறது.

காவிரி நீர் மேற்பரப்பு நீராதலால் உள்ளூர்க் கிணற்று நீரைவிட உப்பு குறைந்தது. படிகாரம், மணல், குளோரின் என்ற வழக்கமான சுத்திகரிப்பே அதற்குப் போதும். ஆனால் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீரை ஏற்றியிறக்க மின்சாரம் வேண்டும். குழாய் உடைந்தாலோ மின்சாரம் நின்றாலோ ஊர் பழைய கிணற்றுக்கே திரும்புகிறது. வரும் நீர் போதாத இடங்களில் உள்ளூர் நீரும் சேர்த்து வழங்கப்படுவதால், குழாய் நீரின் கடினத்தன்மை நாளுக்கு நாள் மாறலாம். பாலாற்றங்கரை நகரங்கள் காவிரியைக் குடிக்கத் தொடங்கியபின், தங்கள் காலடியில் உள்ள நீரைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும் என்ற அழுத்தம் தளர்வதற்கும் இடமுண்டு.

அளவுகோல்கள்

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்பதை ஏற்கத்தக்க வரம்பாக வைத்துள்ளது. மாற்று நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கப்படுகிறது. கரைந்த மொத்தத் திடப்பொருளுக்கு இவ்வரம்புகள் முறையே 500, 2,000. ஃபுளூரைடுக்கு 1.0, 1.5. கடினத்தன்மையில் இரு வரம்புகளுக்கும் இடையே மூன்று மடங்கு வேறுபாடு இருப்பது கவனிக்கத்தக்கது. வேறு ஆதாரம் இல்லாத ஊருக்கு 590 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீரைக் கொடுத்தாலும் தரம் மீறப்படுவதில்லை.

இத்தளர்வுக்குக் காரணம் உண்டு. கடினத்தன்மைக்கென உடல்நல அடிப்படையிலான வரம்பு எதையும் உலகச் சுகாதார நிறுவனம் வகுக்கவில்லை. கால்சியமும் மக்னீசியமும் உடலுக்குத் தேவையான தாதுக்களே. கடின நீரின் தீங்கு முதன்மையாகப் பொருளியல் சார்ந்தது. கொதிகலனிலும் வெந்நீர்க் கருவியிலும் படிவு ஏறி எரிபொருளும் மின்சாரமும் வீணாகும், குழாய்கள் அடைபடும், சோப்பு கூடுதலாகச் செலவாகும்.

வீட்டுக்குள் வந்த சுத்திகரிப்பு

நகராட்சி செய்யாத வேலைக்குச் சந்தை வழி சொன்னது. அயனிப் பரிமாற்றம் என்னும் முறையில், சோடியம் ஏற்றிய பிசின் மணிகளின் வழியே நீர் செல்லும்போது கால்சியமும் மக்னீசியமும் மணிகளில் தங்கி, அவற்றுக்கு ஈடாகச் சோடியம் நீருக்குள் வரும். மணிகள் நிறைந்தபின் அடர்ந்த உப்பு நீரை ஊற்றிக் கழுவினால் அவை மீண்டும் பயன்படும். மண்ணில் இவ்வியல்பு இருப்பதை 1850-களில் இங்கிலாந்தில் தாம்சனும் வேயும் கண்டனர். செயற்கைப் பிசின்கள் 1930-களில் வந்தன. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வைக்கப்படும் நீர் மென்மையாக்கிகள் இவ்வகையின. இவை கடினத்தன்மையை மட்டுமே நீக்கும். மொத்த உப்பு குறையாது. கழுவிய உப்பு நீர் சாக்கடை வழியே மீண்டும் நிலத்தையே சேர்கிறது.

வீடுகளில் மிகவும் பரவியது எதிர் சவ்வூடு பரவல் முறை, அதாவது ஆர்.ஓ. கருவி. இதற்கு அடிப்படையான சவ்வை 1950-களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரோடு சேர்ந்து உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். உவர்நீரையும் கடல்நீரையும் குடிநீராக்கும் நோக்கில் எழுந்த அக்கண்டுபிடிப்பு, அரை நூற்றாண்டுக்குள் சமையலறைச் சுவரில் மாட்டும் பெட்டியாயிற்று. அதை வாங்க இயலாதவர்கள் 20 லிட்டர் கேன் நீரை வாங்குகின்றனர்.

ஆர்.ஓ. கருவி கடினத்தன்மை, ஃபுளூரைடு, ஏனைய உப்புகள் எல்லாவற்றையும் குறைக்கும். வழக்கமான வீட்டுக் கருவிகளில் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு அதைவிடக் கூடுதலான நீர் உப்போடு கழிவாக வெளியேறுகிறது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவியைத் தடைசெய்யவும், ஏனைய இடங்களில் குறைந்தது 60 விழுக்காட்டு நீரை மீட்கும் கருவிகளையே அனுமதிக்கவும் 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. குழாயில் வருவது காவிரி நீரா ஆழ்துளை நீரா என்று தெரியாத வீட்டில், கருவி தேவையா என்பதை ஒரு நீர்ச் சோதனையே முடிவுசெய்ய முடியும்.

இன்றைய நிலை

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், ஒவ்வொரு ஊரக வீட்டுக்கும் குழாய் இணைப்பையும் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரையும் இலக்காகக் கொண்டது. நீர் ஐ.எஸ். 10500 தரத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். ஜவ்வாது மலைமேல் உள்ள சிற்றூர்களின் சிக்கல் அடிவாரத்துச் சிக்கலுக்கு நேர்மாறானது. ஓடையிலும் ஊற்றிலும் உப்பு குறைவு. ஆனால் பாதுகாக்கப்படாத ஊற்றில் கிருமி கலக்கும் வாய்ப்பு அதிகம். அங்கே குளோரினும் ஊற்றுக்கண்ணைச் சுற்றிய காப்பும் தேவை. அடிவாரத்தில் உப்புக் குறைந்த நீர் தேவை. ஒரே வகைச் சுத்திகரிப்பு இரண்டுக்கும் பொருந்தாது.

இம்மலையைச் சுற்றிய ஊர்களின் குடிநீர் வரலாற்றில் பொது நிறுவனங்களின் சாதனை உண்மையானது. காலரா அச்சம் நீங்கியது அவற்றால்தான். நீரில் கரைந்த உப்பைப் பொறுத்தவரை, முன்பு நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு நடந்த உழைப்பு இன்று கேனுக்கும் கருவிக்கும் கொடுக்கும் பணமாக மாறியிருக்கிறது. வசதியுள்ள வீட்டுக்கு அது மாதச் செலவில் ஒரு சிறு பகுதி. கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்துக்கு அவ்வாறன்று. அங்கே குடிப்பதற்குக் கேன் நீர், சமைக்க உப்புத் தண்ணீர் என்று பழைய பிரிவினை புதிய வடிவில் தொடர்கிறது. மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் மென்னீரை ஏரிகளிலும் தடுப்பணைகளிலும் தேக்கி நிலத்தில் இறக்கினால், கிணற்றிலுள்ள உப்பு நீர்த்துப்போகும். அடிவாரத்து ஏரிகளின் வரத்துக்கால்கள் தூர்ந்து கிடக்கும்வரை, அந்த நீர் வெள்ளமாக ஓடிக் கடலைச் சேரும். ஊருக்குக் காவிரி குழாயில் வரும்.